மூடிக்கிடக்கும் தேவாலயத்தைக் கலைக்கூடமாக்குவது எப்படி? இங்கிலாந்தில் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தில் வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றை எடுத்து, பாட்டு வகுப்பும் நாட்டிய அரங்கேற்றமும் நூலகமும் நடக்கும் இடமாக மாற்ற முடியுமா? முடியும். நாரிச் நகரில் புனித ஜேம்ஸ் ஆலயம் இன்று பொம்மலாட்ட அரங்கு. புனித ஸ்விதின் ஆலயம் கலை மையம். யார்க்கில் புனித மார்கரெட் ஆலயத்தில் பழங்கால இசைக்கான தேசிய மையம் இயங்குகிறது. போல்டனில் 1986இல் மூடப்பட்ட ஆல் சோல்ஸ் ஆலயம், அந்தப் பகுதி முஸ்லிம் ஒருவரின் முன்முயற்சியால் 2014இல் சமூகக் கூடமாகத் திறந்தது. ஆகவே நம்மவர்கள் கேட்டால் கொடுப்பார்களா என்ற தயக்கம் வேண்டாம்.

வேண்டியது பொறுமையும் வரிசையும். எங்கள் கலைக்குழு பட்ட பாட்டில் பெரும்பகுதி, எந்தக் காகிதம் முதலில், எது பிறகு என்று சொல்ல ஆளில்லாததால் வந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டமும் திருச்சபை அமைப்பும் வேறு.

1. கட்டடம் தேடுவதற்கு முன் பயன்பாட்டை எழுதுங்கள்

வாரத்தில் எத்தனை வகுப்புகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள், மாதத்தில் எத்தனை நிகழ்ச்சிகள், எந்த நாட்கள் காலி, காலி நாட்களில் யாருக்கு வாடகைக்கு விடுவீர்கள்: இவற்றை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் திருச்சபையும் உள்ளூர் கவுன்சிலும் நிதி தருபவர்களும் கேட்கப்போவது இதைத்தான். "தமிழ்க் கலைகளை வளர்ப்போம்" என்ற வரிக்கு எங்கும் மதிப்பெண் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பதில் இருந்தால் மதிப்பெண் உண்டு.

எழுதிய பிறகு, உண்மையிலேயே வாங்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். இன்னும் வழிபாடு நடக்கும் தேவாலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கட்டடம் முதன்மையாக வழிபாட்டுக்கே பயன்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 350க்கு மேற்பட்ட மூடிய ஆலயங்களைப் பராமரிக்கும் தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் நிகழ்ச்சிகளுக்கு இடம் கேட்கலாம். நாரிச்சில் 18 இடைக்கால ஆலயங்களை ஒரு வரலாற்று அறக்கட்டளை வைத்துக்கொண்டு கலை அமைப்புகளுக்கும் பிறருக்கும் குத்தகைக்கு விடுகிறது. ஓராண்டு இப்படி வாடகைக்கு நடத்திக் கணக்குப் பார்த்த குழுக்களுக்கு, பிறகு விண்ணப்பங்களில் எழுத ஆதாரம் இருக்கும். நான் எந்தக் குழுவுக்கும் முதலில் சொல்வது இதுதான்.

2. உரிமையாளர் யார் என்று பாருங்கள்

இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்க) ஆலயம் என்றால், பாதிரியாரிடம் பேசி முடிக்க முடியாது. மூடுவதும் கைமாற்றுவதும் 2011ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஒன்றின்படி நடக்கின்றன. மூடிய பிறகு, புதிய பயன்பாடு தேட அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் உண்டு. அந்தக் காலத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது திருமண்டலத்தின் (ஆயர் ஒருவரின் ஆளுகைப் பகுதியின்) நிதி வாரியம். இறுதி முடிவு, திருச்சபையின் தேசிய சொத்து நிர்வாகக் குழுவான சர்ச் கமிஷனர்கள் கையில். அவர்கள் வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்காக 28 நாட்கள் காத்திருப்பார்கள். எதிர்ப்பு வந்தால் இன்னும் நீளும். விற்பனைக்குள்ள ஆலயங்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது.

மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற பிற சபைகளின் சிற்றாலயங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. அவரவர் அறங்காவலர்களே விற்கிறார்கள். விரைவாக முடியும். ஆனால் அவர்களும் அறக்கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கை பெற்று, கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கே விற்க வேண்டும். "நல்ல காரியத்துக்குத்தானே, குறைத்துக் கொடுங்கள்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நில ஆவணப் பிரதி இணையத்தில் 7 பவுண்டுக்குக் கிடைக்கும். பல பழைய ஆலயங்கள் பதிவிலேயே இருக்காது. பதற வேண்டாம், வழக்கறிஞருக்குக் கூடுதல் நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்திலேயே ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். பத்திரத்தில் பயன்பாட்டுக் கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும். மதுவுக்குத் தடை, சூதாட்டத்துக்குத் தடை, வேறு வழிபாட்டுக்குத் தடை என்று அது விரியலாம். மேடையில் நடராஜர் சிலை, நிகழ்ச்சிக்கு முன் குத்துவிளக்கு, விஜயதசமியில் கலைமகளுக்குப் பூ: நமக்கு இவை நிகழ்ச்சியின் பகுதி. பத்திரம் எழுதுகிற ஆங்கில வழக்கறிஞருக்கு இவை மத வழிபாடாகத் தெரியலாம். வரைவு எழுதும்போதே பட்டியல் கொடுத்து, அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்தான பிறகு மாற்றக் கேட்பது வேறொரு பயணம்.

3. அமைப்பைப் பதிவு செய்யுங்கள்

பதிவில்லாத சங்கத்தின் பெயரில் கட்டடம் எடுக்கக் கூடாது. கூரை இடிந்தால் கடன் அறங்காவலர்களின் சொந்த வீடு வரை வரும். சிஐஓ எனப்படும் சட்டப்பூர்வ அறநிறுவன வடிவம் சிறு குழுக்களுக்குப் பொருத்தமானது. மற்ற அறக்கட்டளைகளுக்கு ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சிஐஓ என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அறக்கட்டளை ஆணையத்தில் பதிவு வேண்டும். பதிவாகாமல் அது பிறக்கவே பிறக்காது.

நோக்கப் பிரிவை எழுதும்போது "தமிழர்களுக்காக" என்று மட்டும் முடிக்காதீர்கள். தமிழ்க் கலைகளைப் பொதுமக்களுக்குக் கற்பிப்பதும் மரபுக் கட்டடத்தைப் பாதுகாப்பதும் நோக்கங்களாக இருக்கட்டும். இரண்டாவது வரி இல்லாவிட்டால் மரபு நிதிகளிடம் போகும்போது திணறுவீர்கள். வங்கிக் கணக்குக்கு விண்ணப்பிப்பதைப் பதிவு எண் வந்த அன்றே செய்துவிடுங்கள். அறங்காவலர்களின் பெயர் எழுத்துகள் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் நமக்கு இது பெரிய தொல்லை.

4. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

பணம் மிச்சமாவதும் போவதும் இந்தப் படியில்தான்.

முதலில் ஐந்தாண்டு ஆய்வறிக்கை. வழிபாட்டில் உள்ள ஒவ்வொரு ஆங்கிலிக்க ஆலயத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் ஆய்வு செய்ய வேண்டும் என்பது 1955 முதல் சட்டம். கடைசி இரண்டு அறிக்கைகளையும் கேளுங்கள். முந்தையதில் "அவசரம்" என்று இருந்த வேலை பிந்தையதிலும் "அவசரம்" என்றே இருந்தால், இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். உத்தரத்தின் முனை சுவருக்குள் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சட்டப் பாதுகாப்பு பெற்ற கட்டடங்களைக் கொண்ட தேசிய மரபுப் பட்டியலில் அந்தக் கட்டடத்தின் பதிவு. இணையத்தில் இலவசம். கிரேட் 1 (இதுவே உச்சம்), கிரேட் 2 ஸ்டார், கிரேட் 2 என்று மூன்று நிலைகள். நிலை உயர உயர உங்கள் கை கட்டப்படும். நிதி கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

பிறகு, இதுவரை நடந்த மாற்றங்களுக்கான அனுமதிப் பத்திரங்கள். பட்டியலில் உள்ள கட்டடத்தில் அனுமதியின்றி நடந்த வேலைக்குக் கவுன்சில் நடவடிக்கை எடுக்கக் கால வரம்பு இல்லை. முந்தைய உரிமையாளர் வைத்த பிளாஸ்டிக் சன்னலை எடுக்கச் சொல்லும் ஆணை உங்கள் பெயருக்கு வரும். இங்கே பலரும் மாட்டுகிறார்கள். ஆலயம் மூடி இடையில் ஒரு தனியார் கையில் இருந்திருந்தால் இரு மடங்கு கவனம் வேண்டும்.

கல்லறைப் பதிவுகளும் வரைபடமும் வேண்டும். ஆலயத்தைச் சுற்றியுள்ள இடுகாடு பெரும்பாலும் விற்பனையில் சேராது. சேர்ந்தாலும் உறவினர்கள் வந்துபோகும் உரிமை நீடிக்கும். பயன்பாட்டில் இல்லாத இடுகாட்டின் மேல் புதுக் கட்டடம் எழுப்ப 1884ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. வழிபாட்டிடத்தைப் பெரிதாக்குவதற்கு விலக்கு உண்டு, கலைக்கூடத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய ஆலயங்கள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. "பின்னால் ஒரு சின்னக் கட்டடம் போட்டுவிடலாம்" என்பதுதான் எல்லாக் குழுவும் முதலில் சொல்வது. இடுகாட்டின் மேல் எளிதில் போட முடியாது. கோபுரத்தின் அடித்தளம், குருமார் உடைமாற்றும் அறை போன்ற உள்ளிடங்களில் கழிப்பறைக்கு வழி பாருங்கள். அப்போதும் கழிவுநீர்க் குழாய் கல்லறைகளுக்கு நடுவே போக வேண்டியிருக்கலாம். எலும்புகள் வெளிப்பட்டால் தொல்லியலாளரும் நீதி அமைச்சின் உரிமமும் தேவைப்படும். கட்டடத்தைப் பார்க்கப் போகும் முதல் நாளே சாலையில் கழிவுநீர் மூடி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வண்ணக் கண்ணாடியைப் பிறகு பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு ஆய்வுகள். ஒன்று கல்நார் (அஸ்பெஸ்டாஸ்), கொதிகலன் அறையில் அது இருக்க வாய்ப்பு அதிகம். மற்றொன்று வௌவால். வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. அப்போது அங்கே வௌவால் இல்லாவிட்டாலும் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். முதற்கட்டப் பார்வையை எந்த மாதத்திலும் செய்யலாம். அந்திப்பொழுதில் வெளியே பறப்பதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபரில் நினைவு வந்தால் கூரை வேலை அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். காலக்கெடு நழுவுவதற்கு இந்தச் சின்ன உயிரைவிடப் பெரிய காரணம் நான் பார்த்ததில்லை.

5. அனுமதிகள்

வழிபாட்டில் இருக்கும்வரை திருச்சபைக்கு ஒரு விலக்கு உண்டு; அதன் சொந்த நீதிமுறையே மாற்றங்களை அனுமதிக்கும். மூடிய பிறகு அந்த விலக்கு போய்விடும். நீங்கள் கவுன்சிலிடம் பட்டியல் கட்டட ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. சட்டப்படி எட்டு வாரத்தில் முடிவு, நடைமுறையில் நீளும். கிடைத்தால் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும். ஒப்புதலின்றிச் செய்தால் அது குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. நீள்பெஞ்சுகளைக் கழற்றி வெளியே வைப்பதற்கும் ஒப்புதல் தேவைப்படலாம். தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தோடு சுத்தியலுடன் வந்து நிற்பார்கள். சாப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. 2020 செப்டம்பரில் மாறிய வகைப்பாட்டில் வழிபாட்டிடம், கல்வி, கண்காட்சிக் கூடம், நூலகம், அருங்காட்சியகம், பொதுமண்டபம் ஆகியவை எப்1 என்ற ஒரே வகையில் வருகின்றன. ஆகவே பாட்டு வகுப்புக்கும் நூலகத்துக்கும் தனி அனுமதி தேவைப்படாமல் போகலாம். நாடக அரங்கும் நேரடி இசை அரங்கும் எந்த வகையிலும் சேராதவை. அவற்றுக்கு முழுத் திட்ட அனுமதி வேண்டும். வகுப்பும் கச்சேரியும் கலந்த நம் கூடம் எதில் சேரும்? உங்கள் எண்ணத்தை எழுதி, "இது சட்டத்துக்கு உட்பட்டது" என்ற சான்றிதழைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அதிகாரி தொலைபேசியில் சொன்ன வார்த்தை நிற்காது.

விண்ணப்பத்துக்கு முன் மரபுப் பாதுகாப்பு அதிகாரியோடு ஒரு சந்திப்பு அவசியம். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும், தயங்காமல் கொடுங்கள். அங்கே நீங்கள் கொண்டுபோக வேண்டிய எண்ணம் ஒன்றே: நாங்கள் வைப்பதை நாளை எடுத்தால் கட்டடம் பழையபடி இருக்கும். சுவரில் பொருத்தாத தடுப்பு, தரையை உடைக்காத மேடை, தானே நிற்கும் சமையல் பெட்டகம் என்று வரைந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். போல்டனிலும் புதிய அறைகள் ஆலயத்துக்குள் தனியாக நிற்கின்றன.

கட்டடக்கலைஞர் மரபுப் பணிக்கான அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும்; நிதி தருபவர்கள் அதைக் கேட்பார்கள். உறவினர் மகன் கட்டடக்கலை படித்திருக்கிறான் என்பது போதாது.

6. பணம்

ஒரு பவுண்டுக்குத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மகிழ வேண்டாம். அந்த விலையோடு சேர்ந்து வருவது கூரைச் செலவு. வாங்கும் விலையைவிடப் பழுதுச் செலவு, அதைவிட ஆண்டுதோறும் ஆகும் நடைமுறைச் செலவு: இந்த வரிசையில் கவலைப்படுங்கள்.

தேசிய லாட்டரி மரபு நிதி இரண்டு அளவில் தருகிறது. 10,000 முதல் 2.5 லட்சம் பவுண்ட் வரை ஒரே விண்ணப்பம். அதற்கு மேல், 1 கோடி பவுண்ட் வரை, முதலில் விருப்ப மனு, பிறகு திட்ட வளர்ச்சிக் கட்டம், பிறகு செயல்பாட்டுக் கட்டம். மனுவிலிருந்து முதல் கல் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் உறுதியாகும் முன் தொடங்கிய வேலைக்கு அவர்கள் பணம் தர மாட்டார்கள். கட்டடம் பயன்படுமா என்று ஆராயும் தொடக்கக் கட்டத்துக்கு, 1976 முதல் இயங்கும் கட்டடக்கலை மரபு நிதியம் சிறு மானியங்களும் பிறகு கடனும் தருகிறது. நான் முதலில் தட்டச் சொல்வது அந்தக் கதவைத்தான்.

மதிப்புக் கூட்டு வரி பலரின் கணக்கைக் கவிழ்க்கிறது. பட்டியல் கட்டடங்களில் அனுமதி பெற்ற மாற்ற வேலைகளுக்கு வரி இல்லை என்ற சலுகை 2012 அக்டோபரோடு போயிற்று. இப்போது முழு 20 விழுக்காடு. வழிபாட்டிடங்களுக்கென வந்த வரி மானியம் கலைக்கூடத்துக்குக் கிடையாது. இதில் இன்னொரு முடிச்சு: தன்னார்வ நிர்வாகம் உள்ள கலை அமைப்பு விற்கும் டிக்கெட்டுக்கு வரிவிலக்கு கிடைக்கலாம், விலக்கு கிடைத்தால் கட்டட வேலைக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது. ஒப்பந்தக்காரரைத் தேடுவதற்கு முன்பே வரி ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

செலவு மதிப்பீட்டில் நிபுணர் கட்டணங்களுக்கும் எதிர்பாராச் செலவுக்கும் தனித்தனியாகத் தொகை ஒதுக்குங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

7. வேலை நடக்கும்போது

பத்திரம் கைமாறும் நாளிலிருந்தே காப்பீடு ஓட வேண்டும். ஆளில்லாத கட்டடத்துக்குக் காப்பீடு விலை அதிகம். கூரையில் ஈயத் தகடு இருந்தால் திருடர் எச்சரிக்கைக் கருவி கேட்பார்கள். ஈயம் ஓர் இரவில் போய்விடும்.

முதல் வேலை மழைநீர்ப் பீலிகள் (கூரையோர வடிகால்கள்). அவற்றைச் சுத்தம் செய்து கசிவை நிறுத்தினாலே உள்ளே ஈரம் குறையத் தொடங்கும். பழைய கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான்; சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லே உதிரும். காயாத சுண்ணாம்பு உறைபனியைத் தாங்காது. ஆகவே பூச்சு வேலையை வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத் தொடக்கத்துக்குள் முடிக்கப் பாருங்கள். இதோடு வௌவால் நாட்காட்டியையும் பறவைகள் கூடு கட்டும் மாதங்களையும் வைத்துப் பார்த்தால், கூரை மேல் ஏறக் கிடைக்கும் வாரங்கள் மிகச் சில என்பது விளங்கும். ஒப்பந்தக்காரரை முந்தைய ஆண்டே பிடித்து வையுங்கள்.

8. மேடை, தளம், ஒலி

கல் தரையில் பரதநாட்டியம் கற்பிக்காதீர்கள். பிள்ளைகளின் முழங்கால் தாங்காது. அடியில் வில்தன்மை கொண்ட, கழற்றக்கூடிய மரத்தளம் போடுங்கள். அதிகாரிக்கும் அது பிடிக்கும்.

ஒலி கடினமானது. தேவாலயங்கள் கூட்டுப்பாடலுக்கும் ஆர்கனுக்கும் ஏற்றபடி ஒலியை நீட்டி எதிரொலிக்கும். தம்பூராவும் விருத்தமும் அங்கே அபாரமாக இருக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மிருதங்கச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் குழப்பமும் கூடும். கனத்த திரைச்சீலைகளும் மேடைக்குப் பின் தடுப்புகளும் ஓரளவு உதவும். வாங்குவதற்கு முன் ஒரு மிருதங்கக்காரரை அழைத்துப்போய் அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவில்லாத ஆய்வு இது ஒன்றுதான்.

குத்துவிளக்குக்குத் தீ அபாய மதிப்பீட்டில் முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள்; இல்லாவிட்டால் அரங்கேற்றத்தன்று புகை உணரி ஊரைக் கூட்டும்.

9. திறந்த பிறகு

காலை 8 முதல் இரவு 11 மணி வரை, 500 பேருக்கு மிகாமல் நடக்கும் நாட்டிய நிகழ்ச்சிக்குப் பொழுதுபோக்கு உரிமம் தேவையில்லை. நேரடி இசைக்கும் பெரும்பாலும் அப்படியே. பதிவுசெய்த பாட்டுக்கு ஆடினால் விதி வேறுபடும். கவுன்சிலின் உரிமப் பிரிவைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தியாகராஜரின் கீர்த்தனைக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது, ஆனால் அதன் ஒலிப்பதிவுக்கு உண்டு. அதற்கு இசை உரிமம் தனி. மது விற்கத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு வேண்டும்: 21 பவுண்ட், குறைந்தது 10 வேலை நாட்கள் முன்னதாக, 500க்குக் குறைவானவர்கள். பத்திரத்தில் மதுத் தடை இருந்தால் இந்த அறிவிப்பு அதை நீக்காது.

200 பேர் அல்லது அதற்கு மேல் கூடும் இடங்களுக்கு 2025இல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியிருக்கிறது. நடைமுறைக்கு வரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். வெளியேறும் வழிகளை வரையும்போதே அதையும் கட்டடக்கலைஞரிடம் சொல்லிவிடுங்கள்.

இறுதியாக வணிகச் சொத்து வரி. வழிபாட்டிடத்துக்கு இருந்த முழு விலக்கு கலைக்கூடத்துக்குத் தொடராது. பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 80 விழுக்காடு தள்ளுபடி கட்டாயம் கிடைக்கும். மீதி 20 கவுன்சிலின் விருப்பம். பட்டியல் கட்டடம் காலியாக இருக்கும்வரை வரி இல்லை என்பதால், வேலை நடக்கும் காலம் முழுவதும் ஒன்றும் வராது. திறந்த பிறகு ரசீது வரும். தள்ளுபடிக்கான படிவத்தைத் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். அந்த வாரத்துக்குப் பிறகு உங்கள் குழுவில் யாருக்கும் படிவம் நிரப்ப நேரம் இருக்காது.